கணிதர் கண்ட நீரும் குழாயில் ஓடிய நீரும்

சரித்திர வகுப்பிலே பிரசிய மன்னன் இரண்டாம் பிரடெரிக்கின் ஆட்சியைப் படிப்பிக்க நேரும்போதெல்லாம் யான் பல்லாண்டுகளாக ஒரு கதையைச் சொல்லி வந்தேன். பொற்ஸ்டாம் நகரிலே சான்சூசி என்னும் மாளிகையை எழுப்பிய அம்மன்னன், அதன் பூங்காவிலே விண்ணோக்கி எழும் பெருநீரூற்று ஒன்றையும் அமைக்க விழைந்தான். அக்காலை ஐரோப்பாவின் தலைசிறந்த கணிதராய் விளங்கிய லியோனாட் ஒயிலர் அவனுடைய பேர்லின் விஞ்ஞானக் கழகத்திலேயே பணியாற்றினார். நீரை ஏற்றும் பொறிகளுக்கும் குழாய்களுக்கும் வேண்டிய கணக்கு அவரிடமே கேட்கப்பட்டது. ஆயினும் ஊற்றில் நீர் எழவில்லை. 1778 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் வோல்ற்றேயருக்கு எழுதிய கடிதமொன்றிலே மன்னன் இதனை எடுத்துக்கூறி, கணித முறைப்படி அமைந்த தன் ஆலை ஒரு வாய் நீரைத்தானும் தேக்கத்தின் அருகே கொண்டுசெல்லவில்லை என நையாண்டி செய்தான். இக்கதையைக் கேட்டு வகுப்பு முழுவதும் நகைக்கும். கணித பாடத்திலே குறைந்த புள்ளி பெறுவோரின் நகைப்பே மிக உரத்து ஒலிக்கும். யானும் உடன் நகைத்ததுண்டு.

அக்கதை பிழையானது. ஒயிலரின் கணக்கிலே குற்றமில்லை. அக்கணக்குக்குச் செவிசாயாதவரிடத்தேயே குற்றம் இருந்தது. பிழையான கதையொன்றை இத்தனை மாணவர்க்குக் கூறிவிட்ட ஆசிரியன் அதனைத் திருத்துதற்கு ஓரிடம் வேண்டும். அவர்களுட் பலர் இன்று பழைய மாணவராய் இம்மலரைப் படிப்பவர்கள் ஆதலின், இதனினும் ஏற்ற இடம் வேறில்லை. திருத்தப் புகுந்தபோது, நீரோட்டத்தைப் பற்றிய விஞ்ஞானம் எவ்வாறு வளர்ந்தது என்பதையே ஆராய வேண்டியதாயிற்று. யான் விஞ்ஞான ஆசிரியன் அல்லேன்; சரித்திரம் படித்தவன் ஒருவன் கண்ட அளவையே ஈண்டு எழுதுகின்றேன். நீர், எண்ணெய், வளி முதலாய ஓடும் இயல்புடைய பொருள்கள் யாவற்றையும் 'பாயி' என்னும் ஒரு பெயரால் விஞ்ஞான நூலார் வழங்குவர். அவ்வழக்கையே யானும் கைக்கொள்வேன்.

கணக்குப் பிறப்பதற்கு முன்னரே கைத்தொழில் பிறந்துவிட்டது. இதற்குச் சான்று தேடிக் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. நமது நாட்டின் பழைய பெருங்குளங்கள் பலவற்றிலே, கட்டின் உட்பக்கச் சரிவில், செங்கல்லாலும் பொளிந்த கருங்கல்லாலும் அமைந்த கிணறு போன்ற கட்டடம் ஒன்று காணப்படும். சிங்கள மொழியில் இதனைப் பிசோகொட்டுவ என்பர். குளத்து நீர் முதலில் இக்கிணற்றுட் புகுந்து, பின்னர்க் கட்டின் அடியாகச் செல்லும் கல்வழியூடாக வயலை நோக்கிப் பாயும். சென்ற நூற்றாண்டின் தொடக்கம்வரை இலங்கையின் நீர்ப்பாசனப் பகுதியிலே நெடுங்காலம் சேவை செய்த ஹென்றி பாக்கர் என்னும் ஆங்கிலேயர், 1909 இல் வெளியிட்ட 'பண்டைய இலங்கை' என்னும் நூலிலே இதனை ஆராய்ந்து, தம் காலத்துப் பொறியியலாளர் நீரை அளவாகத் திறந்துவிடுதற்கு அமைக்கும் அடைப்புக் கிணற்றுக்கு இது ஒப்பானது எனக் கண்டார். அன்றியும், கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துக்கு நீர் கொண்டுசெல்லும் யோத ஏல என்னும் கால்வாய் ஏறக்குறைய 87 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் முதற் பகுதியிலே ஒரு மைலுக்கு ஆறங்குலமளவு சரிவே உண்டு. இத்துணை நுண்ணிய சரிவை மட்டம் பார்த்து வெட்டியவர்கள், தாம் செய்வதன் காரணத்தைச் சமன்பாடாக எழுதி வைத்தாரல்லர். எழுதாமையால் அவர்க்கு இழுக்கு ஒன்றுமில்லை. ஆயின், எழுதப்படாத அறிவு செய்தவர் மறைந்ததும் உடன் மறைந்துவிடும். காடு மூடிய குளங்கள் பலவற்றின் கதை அதுவே.

குளத்தின் மதகிலே அத்தகைய கிணறு எதற்கு வேண்டும் என்பதற்கு விடை, இத்தாலியில் 1644 ஆம் ஆண்டில் எழுத்தில் வந்தது. கலிலியோவின் கடைசிக் காலத்து மாணாக்கராகிய ரொறிசெல்லி, பாத்திரமொன்றின் அடியிலுள்ள துளைவழியே வெளிப்படும் நீர், நீர்மட்டத்திலிருந்து அத்துளைவரை தடையின்றி விழும் பொருளொன்று பெறும் கதியையே பெறும் என்று காட்டினார். இதன்படி ஒன்பது மீற்றர் ஆழமுள்ள குளத்தின் மதகைத் திறந்தால், நீர் வினாடிக்கு ஏறக்குறைய பதின்மூன்று மீற்றர் கதியுடன் பாயும். மணிக்கு முப்பது மைல் செல்லும் மோட்டார் வண்டியின் வேகம் இது. வெறும் மண்கட்டு இதனைத் தாங்கமாட்டாது. எனவே, இடையிலே ஒரு கிணற்றை வைத்து நீரின் வேகத்தை அடக்கினர். நம் முன்னையோர் கையால் அறிந்திருந்ததை ரொறிசெல்லி கணக்கால் அறிந்தார் எனலாம்.

அவருடைய மற்றைய கண்டுபிடிப்பு யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு மிக நெருங்கியது. உறிஞ்சும் பம்பி ஏறக்குறைய பத்து மீற்றருக்கு மேல் நீரை உயர்த்தாது என்பதைக் கலிலியோ 1638 இல் வெளிவந்த தம் நூலிலே குறிப்பிட்டிருந்தார். காரணத்தை அவர் சரியாகக் காணவில்லை. பம்பி நீரை இழுப்பதில்லை, வெளியிலுள்ள வளியின் பாரமே நீரை உள்ளே தள்ளுகின்றது, அப்பாரம் பத்து மீற்றர் நீர்நிரலுக்கு மேல் தாங்காது என்று ரொறிசெல்லி விளக்கினார். 1643 இல் இரசம் நிரப்பிய குழாயினால் அது மெய்ப்பிக்கப்பட்டது. துலாவும் பட்டையும் போய் இயந்திரம் வந்தபோது, ஆழமான கிணறுகளிலே கிணற்றின் உள்ளே படிகட்டி இயந்திரத்தைக் கீழே இறக்கி வைத்தமைக்குக் காரணம் இதுவே. நிறுத்திவைத்த நீரின் அமுக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றாகவே பரவும் என்று பாஸ்கல் நிறுவியதும் இக்காலத்தை அடுத்தே. அவர் இறந்தபின் 1663 இல் வெளியான அந்நூலின் கருத்தைக்கொண்டு 1795 இல் பிறாமா என்னும் ஆங்கிலேயர் நீரழுத்தப் பொறியைச் செய்தார். இன்று மோட்டார் வண்டியின் தடுப்பை நாம் மிதிக்குந்தோறும் பாஸ்கலையே மிதிக்கின்றோம்.

இவையெல்லாம் பெரும்பாலும் நின்ற நீரின் கணக்கு. ஓடும் நீரின் கணக்கு சுவிற்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த பேணூலி குடும்பத்தில் உருவாகியது. தானியேல் பேணூலி மருத்துவம் பயின்றவர். குருதி நாளத்தில் ஓடுவதையும் நீர் குழாயில் ஓடுவதையும் அவர் ஒரே கண்ணால் நோக்கினார். குழாயின் பக்கத்தில் துளையிட்டு நுண்ணிய கண்ணாடிக் குழலை நிறுத்தி, உள்ளே ஓடும் நீரின் அமுக்கத்தை அக்குழலில் ஏறும் உயரத்தால் அளந்தார். ஒடுங்கிய இடத்தில் நீர் விரைந்து ஓடும். விரைந்து ஓடும் இடத்தில் அமுக்கம் குறையும் என்னும் உண்மையை 1738 இல் 'ஹைதரோடைனமிக்கா' என்னும் நூலாக வெளியிட்டார். அவர் தந்தையார் யோகான் பேணூலியும் பெருங்கணிதரே. ஆனாற் பொறாமை மிக்கவர். 1734 இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் பரிசு தந்தைக்கும் மகனுக்கும் சரிபாதியாகக் கிடைத்தபோது, மகனோடு சமமாக நிற்க ஒருப்படாது அவரை வீட்டிலிருந்தே வெளியேற்றினார் என்பர். பின்னர்த் தாமும் நீரோட்டத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டு, அது 1732 இலேயே எழுதப்பட்டதெனத் தலைப்பிலே பொறித்துக்கொண்டார். அறிவுடையார் யாவரும் பண்புடையாராய் இருப்பர் என்று மாணவருக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்ள சரித்திரம் இடங்கொடுப்பதில்லை.

பேணூலியின் தேற்றம் இன்று எங்கெங்கு வேலை செய்கின்றது என்பதை விரிப்பிற் பெருகும். ஒடுங்கிய கழுத்தின் வழியே வளியை விரையச் செய்து, அங்கே அமுக்கங் குறைதலால் எரிபொருளைத் தானே மேலெழச் செய்யும் கருவி, பழைய மோட்டார்ச் சைக்கிள் ஒவ்வொன்றிலும் உண்டு. நகரங்களின் பெரிய குழாய்களிற் செல்லும் நீரை அளக்கும் கருவி, அக்கழுத்தைப் பற்றி 1797 இல் எழுதிய இத்தாலியர் வெஞ்சூரியின் பெயரைத் தாங்குகின்றது. 1732 இல் பாரிசின் சேன் நதியின் ஓட்டத்தை அளப்பதற்கு ஹென்றி பித்தோ வளைத்த கண்ணாடிக்குழாய், உருமாறி இன்று ஆகாயவிமானங்களின் மூக்கருகே நீட்டிக்கொண்டு, வளியிற் செல்லும் வேகத்தை விமானிக்குக் கூறுகின்றது.

தானியேல் பேணூலி ஆரம்பித்ததைப் பூரணமாக்கியவர் அவர் நண்பரும் நமது கதைத்தலைவருமான ஒயிலர். பாயியின் ஒவ்வொரு சிறு கூறும் நியூற்றனின் விதிப்படி எவ்வாறு அசையும் என்பதை வகையீட்டுச் சமன்பாடுகளாக அவர் எழுதினார். பேர்லின் கழகத்தின் ஏட்டிலே 1757 இல் அச்சேறிய அச்சமன்பாடுகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. ஆனால் அவற்றுள் ஒரு குறை இருந்தது. பாயியின் ஒரு படை மற்றொரு படையோடு உராய்வதை அவை கணக்கில் எடுக்கவில்லை. பாகும் தேனும் மெல்ல ஓடுவதற்குக் காரணமான இவ்வுராய்வைப் பாகுநிலை என்பர். நீரின் பாகுநிலை மிகச் சிறிது. அதனை விட்டுவிடலாம் என்றே யாவரும் எண்ணினர்.

விட்டதன் விளைவை முதலிற் கண்டவர் பிரெஞ்சுக் கணிதர் தலம்பேர். பாயி ஒன்றினூடே செல்லும் பொருளுக்கு உண்டாகும் தடை எவ்வளவு என்னும் வினாவுக்குப் பேர்லின் கழகம் 1750 ஆம் ஆண்டுக்கெனப் பரிசு அறிவித்திருந்தது. தலம்பேர் எழுதி அனுப்பினார். கட்டுரைகளைப் பார்வையிட்ட கழகத்தார், கணித முடிபுகள் பரிசோதனையோடு ஒத்துவருகின்றன எனக் காட்டுக என்று கூறிப் பரிசை ஒத்திவைத்தனர். சினங்கொண்ட தலம்பேர் தம் கட்டுரையை 1752 இல் நூலாகவே வெளியிட்டார். உராய்வில்லாத பாயியிலே, பொருளின் முன்னே பிளந்து செல்லும் நீர் அதன் பின்னே மீண்டும் ஒழுங்காகக் கூடி, முன்னே தள்ளியது எவ்வளவோ அவ்வளவே பின்னிருந்தும் தள்ளிவிடும். ஆகவே தடை சூனியமாகும். ஆற்றிலே தோணி வலித்தவன் எவனும் இதனை ஏற்கமாட்டான். கணக்கிலே பிழை காண முடியாமலும் உலகிலே அதனைக் காண முடியாமலும் தடுமாறிய தலம்பேர், 1768 இல் இம்முரணை மீண்டும் எடுத்துக்கூறி, தீர்க்கும் பொறுப்பை வருங்காலக் கணிதரிடம் விட்டுச் சென்றார். அவர் விட்டுச்சென்ற முடிச்சு அவிழ நூற்றைம்பது ஆண்டு சென்றது.

இனிச் சான்சூசிக்குத் திரும்புவோம். மேற்கூறிய குறை ஒயிலரின் கணிதத்தில் இருந்ததாதலின், ஊற்று எழாமைக்கு அதுவே காரணம் என மன்னனுடைய கடிதத்தைப் படித்தோர் முடிவுசெய்தனர். விஞ்ஞான நூல்கள் சிலவுங்கூட, உராய்வை மறந்த கணிதர் நீரூற்றைக் கெடுத்தார் என்று எழுதின. ஜேர்மனிய விஞ்ஞான வரலாற்றாசிரியர் மிக்கேல் எக்கேர்ட் 2002 இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை மறுக்கின்றது.

நடந்தது இது. மாளிகைக்கு அண்மையிலுள்ள குன்றின் மேல் ஒரு தேக்கத்தைக் கட்டி, ஹாவெல் நதியின் நீரைக் காற்றாலைப் பம்பிகளால் அதில் ஏற்றி, அங்கிருந்து பூங்காவுக்கு இறக்குவதே திட்டம். 1748 இல் வேலை தொடங்கியது. பம்பியிலிருந்து தேக்கத்துக்குச் செல்லும் குழாய்களை, பீப்பாய் செய்வதுபோல் மரப்பலகைகளை இணைத்து இரும்புப் பட்டை கட்டிச் செய்தனர். பம்பியை இயக்கியதும் அவை வெடித்தன. அதன்பின்னரே ஒயிலர் கணக்குப் பார்த்தார். 1749 ஆம் ஆண்டு ஒற்றோபரில் மன்னனுக்கு எழுதிய கடிதத்திலே, நீர் அறுபதடி உயரம் ஏறியவுடன் குழாய்கள் வெடித்தன என்றும், அவ்வேளை குழாய்கள் தாங்கிய அமுக்கம் முந்நூறடி உயரமுள்ள நீர்நிரலின் பாரத்துக்கு ஒப்பானது என்றும் தெரிவித்தார். அறுபதடிக்கு முந்நூறடி எங்ஙனம் வந்தது? நின்ற நீர் மட்டுமாயின் அறுபதடியின் பாரமே வரும். பம்பியின் தண்டு ஒவ்வொரு முறையும் தள்ளும்போது, நெடிய குழாயிலுள்ள நீர் முழுவதையும் ஓய்விலிருந்து ஓட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். குழாய் ஒடுங்க ஒடுங்க அந்நீர் அதிக விரைவோடு ஓடவேண்டியிருத்தலின் தள்ளும் அமுக்கமும் பெருகும். நின்ற நீரின் கணக்கை மட்டும் அறிந்த தொழிலாளர்க்கு இது புலப்படவில்லை. ஓடும் நீரின் கணக்கை எழுதிக்கொண்டிருந்த ஒயிலருக்கே புலப்பட்டது. மரத்தை விடுத்து ஈயக் குழாய்களை இடுக, அவற்றின் சுவரின் தடிப்பைப் பரிசோதனையால் தீர்மானிக்க, குழாயின் உள்விட்டத்தைப் பெருக்குக என அவர் அறிவுறுத்தினார். செலவைச் சுருக்க விரும்பிய மன்னனும், கணக்கறியாத ஒப்பந்தக்காரரும் இதனைப் பொருட்படுத்தினாரல்லர். பல ஆண்டு முயன்று பெரும்பொருள் செலவிட்டபின் வேலை கைவிடப்பட்டது. 1754 இல் ஒருமுறை, தேக்கத்தில் தானே சேர்ந்திருந்த மழைநீரையும் பனி உருகிய நீரையும் கொண்டு சிறிது நேரம் ஊற்று எழுந்ததே மன்னன் தன் வாழ்நாளிற் கண்ட பலன்.

ஏறக்குறைய முப்பதாண்டு கழித்து வோல்ற்றேயருக்கு அக்கடிதம் எழுதப்பட்டபோது, ஒயிலர் உருசிய நாட்டிலே, கண் பார்வை இழந்த நிலையிலும் கணிதம் எழுதுவித்துக்கொண்டிருந்தார். ஒரு கண் பழுதான காலத்திலேயே அவரை ஒற்றைக்கண் அரக்கன் எனக் கேலி செய்தவன் அம்மன்னன். அரசனுடைய நகைச்சுவை அச்சேறி உலகெங்கும் பரவியது. கணிதருடைய கடிதம் ஏட்டுச் சுவடிகளிடையே உறங்கியது. இத்தகைய வேறுபாடு சரித்திரத்திலே அரிதன்று. சான்சூசியின் பேரூற்று 1842 இல் நீராவி இயந்திரத்தின் வலிமையால் எழுந்தது. நீர் ஏறக்குறைய முப்பத்தெட்டு மீற்றர் உயர்ந்தது. அவ்வியந்திரத்தைப் பள்ளிவாசல் வடிவான கட்டடத்தினுள் மறைத்துவைத்தனர். புகைபோக்கியே அதன் தூபி.

எனினும் மன்னனின் கேலிக்கு ஒரு சிறு நியாயம் பொதுவில் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். அடுத்த நூறாண்டில் கணிதரும் குழாய் இடுவோரும் இருவேறு உலகில் வாழ்ந்தனர். கணிதரின் நீர் உராயாத நீர். அழகிய சமன்பாடுகளுக்கு அடங்கும். குழாய் இடுவோரின் நீர், துருப்பிடித்த இரும்பிலே தேய்ந்து, வளைவிலே முட்டி, வரும் வழியிலேயே வலிமை இழக்கும் நீர். பின்னவர் அளந்து அளந்து சூத்திரங்களை அமைத்தனர்; அவற்றின் காரணத்தை அறிந்திலர். பிரான்சிலே பாரிசுக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்க்கெனச் செசி என்பவர் 1769 இல் அமைத்த சூத்திரம் அத்தகையது.

இவர்களுள் யான் பெரிதும் மதிப்பவர் டிஜோன் நகரத்து ஹென்றி டார்சி. தாம் பிறந்த அந்நகரிலே நல்ல நீர் இல்லாமையைக் கண்டு, பன்னிரண்டு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஊற்றொன்றின் நீரை மூடிய வாய்க்கால் வழியே 1840 இல் நகருக்குக் கொண்டுவந்தார். தமக்குரிய கட்டணத்தை வாங்க மறுத்தார். மணலூடே நீர் வடியும் அளவைப் பற்றி அவர் செய்த பரிசோதனை 1856 இல் வெளியாயிற்று. நிலத்தடி நீரை ஆராய்வோர்க்கு இன்றும் அதுவே முதல் விதி. சுண்ணாம்புக் கல்லின் கீழுள்ள நீரையே நம்பி வாழும் நம்மவர்க்கு அந்நூல் அந்நியமானதன்று. குழாயின் உட்புறம் எப்பொருளாலாயினும் ஓட்டம் ஒன்றே என முன்னிருந்த பொறியியலாளர் நம்பினர். டார்சி புதுக் குழாய், பழங் குழாய், இரும்பு, ஈயம், கண்ணாடி என மாற்றி மாற்றி அளந்து, சொரசொரப்பு மிகுந்தால் ஓட்டங் குறையும் என நிறுவினார்.

அயர்லாந்து நாட்டிலே றொபேட் மானிங் என்பவர் கணக்காளராகப் பொதுவேலைப் பகுதியிற் சேர்ந்தவர். நீரியலை எப்பல்கலைக்கழகத்திலும் முறையாகக் கற்றவரல்லர். நூல்களைத் தாமே படித்து முன்னேறித் தலைமைப் பொறியியலாளரானார். எழுபது வயதைக் கடந்தபின், 1889 இல், கால்வாயின் சரிவையும் சொரசொரப்பையும் கொண்டு நீரின் வேகத்தைக் கூறும் சூத்திரத்தை வெளியிட்டார். யோத ஏல போன்ற ஒன்றை இன்று வெட்டுவோர் அச்சூத்திரத்தை வைத்தே சரிவைத் தீர்மானிப்பர். வீட்டிலிருந்து விளக்கொளியில் இலண்டன் தேர்வுக்குப் படித்த யான் மானிங்கின் வரலாற்றைச் சற்று அதிக அன்போடு எழுதினால் வாசகர் பொறுத்துக்கொள்வாராக.

இதனிடையே உராய்வும் கணிதத்துள் மெல்லப் புகுந்தது. 1822 இல் பிரான்சில் நவியேயும், 1845 இல் கேம்பிரிட்ஜில் ஸ்ரோக்சும் பாகுநிலையைச் சேர்த்து ஒயிலரின் சமன்பாடுகளை விரித்தெழுதினர். பாரிஸ் மருத்துவர் புவாசேய், நுண்குழல்களில் ஓட்டத்தை 1840 ஆம் ஆண்டளவிலே மிக நுட்பமாக அளந்தார். மயிர்போன்ற குழலின் விட்டத்தைப் பாதியாக்கினால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகும் என்பது அவர் கண்டது. ஊசிமருந்து ஏற்றும் தாதியர் ஊசியின் பருமனைத் தெரிந்தெடுப்பது இதனாலேயே. ஆனால் வீட்டுக் குழாயிலே இதே பரிசோதனையைச் செய்தால், விட்டத்தைப் பாதியாக்க ஓட்டம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகவே குறையும். ஒரே நீர், இரண்டு விதி. காரணம் யாது?

விடை 1883 இல் மான்செஸ்ரரிலிருந்து வந்தது. ஓவன்ஸ் கல்லூரியிலே பொறியியற் பேராசிரியராயிருந்த ஒஸ்போண் றெனோல்ட்ஸ், நீர் நிரம்பிய கண்ணாடித் தொட்டியொன்றினுள் எக்காள வாயுடைய கண்ணாடிக் குழாயைக் கிடையாக வைத்து, அதனுட் செல்லும் நீரோடு சாயம் கலந்த மெல்லிய இழையொன்றையும் செல்லவிட்டார். நீர் மெதுவாகச் சென்றபோது சாயம் நூல் பிடித்தாற்போல் நேராகச் சென்றது. வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டியபோது, ஒரு கட்டத்திலே அந்நூல் திடீரெனக் குலைந்து நீர் முழுவதிலும் கலந்தது. முன்னையது அருவிக்கோட்டுப் பாய்ச்சல், பின்னையது கொந்தளிப்புப் பாய்ச்சல். எது எப்போது நிகழும் என்பதை நீரின் அடர்த்தி, வேகம், குழாயின் விட்டம் ஆகிய மூன்றையும் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்து வரும் ஒரே எண் தீர்மானிக்கும் என்று அவர் கண்டார். அவ்வெண் ஏறக்குறைய இரண்டாயிரத்துக்குக் கீழ் இருக்கும்வரை குழாயிலே ஓட்டம் அமைதியாயிருக்கும்.

ஓரங்குலக் குழாயிலே நீர் வினாடிக்கு எட்டுச் சதமமீற்றர் சென்றாலே அவ்வெல்லை வந்துவிடும். எனவே நம் வீட்டு நீர்த்தாங்கியிலிருந்து இறங்கும் குழாயிலே, நாம் திறக்கும்போதெல்லாம் ஓடுவது பெரும்பாலும் கொந்தளித்த நீரே. கணிதர் நூறாண்டு எழுதிய அமைதியான நீர் புவாசேயின் நுண்குழலில் ஓடியது. டார்சியும் மானிங்கும் அளந்த நீர் கொந்தளிப்பிலே ஓடியது. இரு சாராரும் பொய் சொல்லவில்லை. இரண்டு வேறு நீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். றெனோல்ட்சின் கருவி மான்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றது. அதனைக்கொண்டு பிற்காலத்தவர் அப்பரிசோதனையை மீளச் செய்தபோது, அவர் பெற்ற அளவு உயர்ந்த வேகம்வரை சாயநூல் குலையாது நிற்கவில்லை. மோட்டார் வண்டிகள் ஓடாத நகரின் அமைதி அவர்களுக்குக் கிட்டாமையே காரணமாம்.

தலம்பேரின் முடிச்சு மட்டும் எஞ்சியது. அதனை அவிழ்த்தவர் இலுட்விக் பிறாண்டில். மியூனிச்சிலே பொறியியல் பயின்று, நியூறன்பேக் நகரத்து இயந்திரத் தொழிற்சாலையொன்றிலே வேலைக்கமர்ந்த இவ்விளைஞரிடம், மரச்சீவல்களை உறிஞ்சி அகற்றும் குழாயைத் திருத்தும் பணி ஒப்படைக்கப்பட்டது. விரிந்து செல்லும் குழாயிலே வளியின் வேகங் குறைந்து அமுக்கம் கூடும் எனப் பேணூலியின் தேற்றம் கூறியது. குழாயிலே அவ்வாறு கூடவில்லை. வளி சுவரைத் தொடர்ந்து செல்லாமல் அதனை விட்டு விலகிச் சென்றது. ஏன் விலகிற்று என்னும் வினா, தொழிற்சாலையை விட்டுப் பேராசிரியரானபின்னும் அவரை விடவில்லை. கையாற் சுழற்றும் சக்கரமொன்றினால் நீரை ஓட்டும் சிறு தொட்டியை அமைத்து, ஓட்டத்தைப் படம்பிடித்து ஆராய்ந்தார். 1904 இல் ஹைடெல்பேக்கிலே கூடிய உலகக் கணிதர் மாநாட்டிலே பத்து நிமிடம் பேசினார். அச்சிலே எட்டுப் பக்கத்தளவான அப்பேச்சின் கருத்து இது: பாகுநிலை எத்துணைச் சிறிதாயினும், பொருளின் மேற்பரப்பை ஒட்டிய பாயி அதனோடு ஒட்டியே நிற்கும். அதனை அடுத்த மிக மெல்லிய படையிலேதான் வேகம் சூனியத்திலிருந்து முழு அளவுக்கு உயரும். உராய்வெல்லாம் அப்படையிலே, அதற்கு வெளியே ஒயிலரின் கணிதம் செல்லும். அப்படை களைத்து மேற்பரப்பை விட்டு விலகும்போது, பின்னே நீர் ஒழுங்காகக் கூடாது. தலம்பேர் காணாத தடை அங்கே பிறக்கும்.

இதன்பின் கணிதரும் குழாய் இடுவோரும் ஒரே மொழியிற் பேசத் தொடங்கினர். விமானச் சிறகு, கப்பலின் அடிப்பாகம், நீர்மின் நிலையத்துச் சுழலி யாவும் அவ்வெட்டுப் பக்கத்துக்குக் கடன்பட்டவை. நம் மாணவர்க்கு நெருங்கிய உதாரணம் கல்லூரி மைதானத்திலேயே உண்டு. புதிய துடுப்பாட்டப் பந்தின் தைப்பைச் சாய்த்து வீசினால், தைப்புள்ள பக்கத்திலே மெல்லிய படை கொந்தளித்து, பந்தை விடாது நெடுந்தூரம் பற்றிச் செல்லும். வழவழப்பான மறுபக்கத்திலே முன்னரே விலகிவிடும். இரு பக்க அமுக்கமும் வேறுபடவே பந்து வழியில் வளைகின்றது. பந்தின் ஒரு பக்கத்தை மட்டும் காற்சட்டையிலே தேய்த்து மினுக்கும் மாணவன் பிறாண்டிலின் சீடன் என்பதை அவன் அறியான்.

கொந்தளிப்பின் இரகசியம் இன்னும் முற்றும் வெளியாகவில்லை. நவியேயும் ஸ்ரோக்சும் எழுதிய சமன்பாடுகளுக்கு எக்காலமும் ஒழுங்கான தீர்வு உண்டா என்று நிறுவுவோர்க்கு, அமெரிக்காவின் கிளே கணித நிறுவகம் 2000 ஆம் ஆண்டிலே பத்து இலட்சம் டொலர் பரிசு அறிவித்தது.

இப்போது அவ்வகுப்பிலே மன்னனுடைய கடிதத்தைப் பற்றிச் சொல்லும்போது, 1749 ஆம் ஆண்டுக் கடிதத்தையும் சேர்த்தே சொல்லுகின்றேன். முன்போல் நகைப்பு எழுவதில்லை. சென்ற தவணையிலே பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "அப்படியெண்டால் சேர், ராசா அந்தக் கடிதத்தைப் படிக்கேல்லையோ?" என்று வினவினான். படித்திருப்பான், ஈயக் குழாயின் விலையையும் படித்திருப்பான் என்றேன்.